பழைய டீசலும் புதிய டீசலும் அறுபது ஆடுகளும்

1

நேற்று எங்கள் வண்டிக்கு எஃப்.சி. எடுத்து வந்தேன். இந்த ஊரில் அதற்கு அப்படிப் பெயர் கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு மெக்கானிக் கடையில் வண்டியைக் காட்டி, முன் கண்ணாடியின் மூலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு அது எஃப்.சி.தான்.

சோதித்தது ஓர் இளம்பெண். காது நிறைய வளையம், முழங்கை வரை பச்சை குத்தியிருந்தாள். ஹாரனை அடிக்கச் சொன்னாள், விளக்குகளைப் போடச் சொன்னாள், டயரில் ஒரு சிறு அளவுகோலைச் செருகிப் பார்த்தாள், கொஞ்ச தூரம் ஓட்டி பிரேக்கை மிதித்தாள். இன்ஷூரன்ஸ் அட்டையைக் கேட்டாள். டீசல் வண்டிக்கு இங்கே புகைச் சோதனை கிடையாது. எங்கள் வண்டி எட்டு வருடம் பழையது. காலையில் கிளம்பும்போது அது விடும் புகையைப் பார்த்தால் டெக்சாஸ் அரசின் பெருந்தன்மை புரியும்.

என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொல்லியிருந்தாள். உட்கார முடியவில்லை. எழுந்து போய், "இடது பின் விளக்குக் கண்ணாடியில் ஒரு விரிசல் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "நீங்கள் சொல்லாவிட்டால் நான் கவனித்திருக்கவே மாட்டேன்" என்று சிரித்தாள்.

"தெரியும். அதனால்தான் சொன்னேன்" என்றேன்.

அந்த அளவு விரிசலுக்கு விதியில் இடமிருக்கிறது என்று சொல்லி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள். விதி அப்படித்தான் சொல்கிறது, எனக்கும் தெரியும். அவளுக்குத் தெரியுமா என்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி மெஹருன்னிசா வாசலிலேயே கேட்டாள்: "பாஸா?"

"பாஸ்."

"வண்டியக் கேக்கலங்க. அந்தக் கடைக்காரப் புள்ளைய பாஸ் போட்டீங்களா, பெயிலாக்கிட்டு வந்தீங்களான்னு கேட்டேன்."

இந்த வண்டி எங்களிடம் வந்து ஒரு வருடம் ஆகிறது. திண்டுக்கல்லிலிருந்து போன் செய்யும் பழைய சகாக்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அமெரிக்காவுக்குப் போயும் பழைய வண்டியா வாங்கினீங்க சார்? அங்கே புது வண்டி கிடைக்கலையா?" தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

2

ஓய்வு பெற்ற பின் முதல் இரண்டு குளிர்காலத்தை நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில், மகன் வீட்டில் கழித்தோம். அடுக்ககத்தின் ஜன்னல் வழியே கார் நிறுத்துமிடம் தெரியும். யார் கோட்டைத் தாண்டி நிறுத்துகிறார்கள் என்று கணக்கு வைத்திருந்தேன். அதைத் தவிர எனக்கு அங்கே வேலை இல்லை. பிறகு மகள் சபீனா கூப்பிட்டாள். ஹூஸ்டனுக்கு மேற்கே, நகரம் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில், அவளும் மாப்பிள்ளை இம்தியாஸும் கொஞ்சம் நிலம் வாங்கியிருந்தார்கள். சபீனா சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு ஆடு வளர்க்கத் தொடங்கியிருந்தாள்.

ஊரில் இதைச் சொன்னபோது என் தம்பி போனிலேயே சிரித்தான். "ஆடு மேய்க்கவா புள்ளைய இன்ஜினியரிங் படிக்க வச்சீங்க?" அவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

நிஜம் என்னவென்றால், ஹூஸ்டனைச் சுற்றி நம் மக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பானி ஆடு வேண்டுமென்றால் பாதிப் பேர் எங்கேயோ பணம் கட்டிவிட்டு, ஆட்டைக் கண்ணால் பார்க்காமலே இறைச்சியைப் பொட்டலமாக வாங்கிக்கொள்வார்கள். சபீனா கண்டுபிடித்தது இதைத்தான். ஆட்டை நேரில் வந்து பாருங்கள், கொம்பைத் தொட்டுப் பாருங்கள், பல்லைப் பிடித்துப் பாருங்கள், பிறகு எடுத்துப் போங்கள். சென்ற வருடம் இப்படி அறுபது பேர் அவளிடம் சொல்லி வைத்தார்கள். அவளுடைய சொந்த ஆடுகளில் பெரும்பாலானவை அப்போது குட்டி. பெருநாளுக்கு முன் மேற்கே மலைப்பக்கம் இருக்கும் பெரிய ஆட்டுச் சந்தையிலிருந்து பிடித்து வர வேண்டும். டிரெய்லர் இருந்தது. இழுக்க வண்டி இல்லை.

மாப்பிள்ளை நல்ல மனிதர். கத்தமாட்டார், கணக்குப் போடுவார். அவருக்கு மேற்குக் கடற்கரையில், சன்னிவேலில் ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லிக் காத்திருந்தது. வருட முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் சபீனாவிடம் சொன்னது இது: "இந்தப் பெருநாள் வரைக்கும் பார்ப்போம் சபீ. அறுபது பேருக்கும் ஆடு ஒழுங்கா போயிடுச்சுன்னா இங்கேயே இருப்போம். போகலைன்னா நிலத்த வித்துட்டு சன்னிவேல். அங்க போயும் ஆடு வளக்கறேன்னு சொல்லக் கூடாது."

"அங்க ஆடு நிக்கிற இடத்துக்கு ஆயிரக்கணக்குல வாடகை கேப்பான்" என்றாள் சபீனா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு இரவு அவள் சாப்பிடவில்லை என்று மெஹர் சொன்னாள்.

3

நம் வாசகர்களில் சிலருக்கு இது தெரியாமல் இருக்கலாம், ஆகவே சொல்லிவிடுகிறேன். குர்பானி ஆட்டில் ஊனம் இருக்கக் கூடாது. கண் பழுது, நொண்டி, வேரோடு முறிந்த கொம்பு, கிழிந்து தொங்கும் காது, இவை எல்லாம் தள்ளுபடி. வயது ஒன்று நிறைந்திருக்க வேண்டும். திண்டுக்கல் சந்தையில் என் அத்தா ஆடு வாங்குவதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். விலை பேசுவதற்கு முன் ஆட்டை நடக்க விடுவார். போகவிட்டு ஒரு முறை, வரவிட்டு ஒரு முறை. பிற்காலத்தில் நான் லாரிகளுக்கு எஃப்.சி. போட்டபோது செய்ததும் ஏறக்குறைய அதேதான். லாரிக்குப் பல் மட்டும் பார்ப்பதில்லை.

இதனால் வண்டி வாங்கும் விஷயம் தலைகீழாகிவிடுகிறது. இங்கே ஆண்கள் இருவர் சேர்ந்தால், என் வண்டி இத்தனை ஆயிரம் பவுண்டு இழுக்கும், உன் வண்டி எத்தனை இழுக்கும் என்றுதான் பேச்சு. ஆடு என்பது கட்டிவைத்த மூட்டை அல்ல. நான்கு காலில் நின்றுகொண்டு வரும் சரக்கு. சந்தையிலிருந்து எங்கள் இடம் ஐந்து மணி நேரப் பயணம், முதல் பாதி மலை இறக்கம். டிரெய்லர் ஒரு குலுக்கு குலுக்கி நான்கு ஆடு முட்டிபோட்டு விழுந்தால், கால் பிசகினால், கொம்பு கம்பியில் மாட்டி முறிந்தால், அந்த நான்கு வீட்டுக்குக் குர்பானி இல்லை. அந்த ஆடுகளை விற்கலாம், ஆனால் பெருநாளுக்கு விற்க முடியாது.

ஆகவே எவ்வளவு இழுக்கும் என்பதை நான் ஒதுக்கிவிட்டேன். எந்த வண்டி இழுத்தால் ஆடு விழாது? இதுதான் கேள்வி. எந்த விளம்பரப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

4

மாப்பிள்ளை புது வண்டி கட்சி. மகள் பழைய வண்டி கட்சி. நான் யார் பக்கமும் இல்லை என்று அறிவித்தேன். "பொய்" என்றாள் மெஹர்.

முதலில் புது வண்டி. விற்பனைக் கூடத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடக் கோடையில் டீசல் விலை எங்கேயோ போயிருந்தது, அதன் பின்னாலேயே வங்கிகள் விழத் தொடங்கியிருந்தன. பிரெண்டன் என்ற இளைஞன் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தான். வண்டி அழகுதான். ஏறுவதற்குப் படி, உள்ளே வீட்டு சோபா போல இருக்கை, இன்ஜின் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டும். டிரெய்லர் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் கருவி கம்பெனியிலேயே பொருத்தி வருகிறது. இறக்கத்தில் இன்ஜினே புகைக்குழாயை அடைத்துக்கொண்டு வண்டியைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாடும் உண்டு. அதற்கு எக்ஸாஸ்ட் பிரேக் என்று பெயர்.

நான் கொண்டுவந்திருந்த அட்டைப்பெட்டியை விரித்து வண்டிக்கு அடியில் போனேன். பிரெண்டன் பதறிவிட்டான். எனக்கு மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறான்.

"ஒண்ணுமில்ல, ஹி ஈஸ் ஃபைன்" என்றார் மாப்பிள்ளை. "அவரு அப்படித்தான் பாப்பாரு."

அடியில் புகைக்குழாயில் ஒரு பெரிய டப்பா. புதிய சட்டத்துக்காக வைத்தது. புகையிலுள்ள கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, நிறைந்ததும் தானே எரித்துக்கொள்ளும். அப்படி எரிக்க நல்ல சூடு வேண்டும், அதாவது நீண்ட ஓட்டம் வேண்டும். வாரம் முழுவதும் நெடுஞ்சாலையில் ஓடுகிறவனுக்குப் பிரச்சினை இல்லை. தீவனக் கடைக்கும் பண்ணைக்கும் இடையே அரை மைல் ஓட்டுகிறவனுக்கு அந்த டப்பா அடைத்துக்கொள்ளும். நான் இதைக் கேட்டபோது பிரெண்டன், "அப்போதைக்கப்போது நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுப் போய்வந்தால் போதும் சார்" என்றான். வண்டிக்காக நாம் ஓட வேண்டும் என்கிறான்.

அடுத்தது பழையது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் விற்கிறார். கேம்பர் என்னும் சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு மனைவியோடு ஊர் ஊராகப் போனவர். மனைவிக்கு முழங்கால் வலி வந்ததும் பயணத்தை நிறுத்திவிட்டார். வரிசையாக ஆறு சிலிண்டர், கையால் போடும் கியர். இன்ஜினைக் கிளப்பினால் ஒட்டன்சத்திரம் சோதனைச் சாவடியில் நிற்பதுபோல் இருந்தது. எனக்குத் தெரிந்த சத்தம்.

இதிலும் அடியில் போனேன். சட்டத்தில் துரு இல்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி இன்ஜினை ஓடவிட்டேன். புகை பொங்கவில்லை, அதாவது உள்ளே தேய்மானம் குறைவு. ஒன்றரை லட்சம் மைல் ஓடியிருந்தது. பெட்ரோல் வண்டிக்கு அது முதுமை. இந்த ஜாதி டீசலுக்கு நடுவயது. மைலேஜ் புதியதைவிட மேல். குறைகளும் உண்டு: பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டியிருந்தது, எக்ஸாஸ்ட் பிரேக் இல்லை, பக்கவாட்டில் காற்றுப்பை இல்லை, உள்ளே உட்கார்ந்து பேச வேண்டுமானால் கத்த வேண்டும்.

விலை? புதியது ஒன்றின் விலையில் பழையதை மூன்று வாங்கலாம். புதியதை வாங்கினால் மாதாமாதம் தவணை. அதைக் கட்ட வேண்டுமானால் சன்னிவேல் சம்பளம் வேண்டும். சன்னிவேலுக்குப் போய்விட்டால் வண்டியும் வேண்டாம், ஆடும் வேண்டாம். இந்த வட்டத்தை மாப்பிள்ளைக்கு விளக்கினேன்.

"சரி மாமா. ஆனா பழச வாங்கி, வழியில ஆடு விழுந்துச்சுன்னா? மூணுல ஒரு பங்கு காசு கொடுத்து முழுசா தோத்துப் போவோம்."

அதுவும் நியாயம்தான். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் என் உத்தியோகத்தில் ஒரே வழிதான் உண்டு. சோதனை.

5

ஒரு சனிக்கிழமை இரண்டு வண்டிகளையும் பண்ணைக்கு வரவழைத்தேன். ஆசிரியர் சாவியைக் கொடுத்துவிட்டு, நாற்காலி ஒன்று கேட்டு வாங்கி மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். பிரெண்டனும் வந்தான். வேறு வாடிக்கையாளர் இருந்திருந்தால் வந்திருக்கமாட்டான்.

பண்ணைக்குள் வாசலிலிருந்து கொட்டகை வரை நீளமான மண்பாதை, நடுவில் ஓடைக்காக ஓர் இறக்கம். டிரெய்லரில் முன்பக்கம் தீவன மூட்டைகளை எடைக்கு அடுக்கி, எங்களிடம் இருந்த வளர்ந்த ஆடுகளை ஏற்றினோம். ஏற்றி முடித்ததும் நானும் ஏறினேன்.

"எங்க ஏறுறீங்க?" என்றாள் மெஹர்.

"உள்ளே நின்று பார்த்தால்தானே தெரியும்?"

"இந்த வயசுல ஆட்டோட ஆடா நிக்கப் போறீங்களா? ஊர்ல யாராச்சும் பாத்தா என்ன சொல்லுவாங்க!"

"இது ஊர் இல்லையே."

சபீனாவின் மகள், என் பேத்தி ஹஃப்ஸா கேமராவை எடுத்துக்கொண்டு வந்தாள். பத்து வயது. நாம் தமிழில் பேசுவது எல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். "நன்னா, யூ லுக் ரிடிகுலஸ்" என்றாள். மகிழ்ச்சியோடுதான் சொன்னாள். அவள் என்னிடம் கணினியை விட்டுத் தலை நிமிர்ந்து பேசியது அந்த வாரத்தில் அதுதான் முதல் முறை. ஆகவே நான் மறுப்புச் சொல்லவில்லை.

பிரெண்டன் மாப்பிள்ளையிடம் தாழ்ந்த குரலில், "இதற்கு அனுமதி உண்டா?" என்று கேட்பது கேட்டது.

"டிரெய்லர்ல ஆள் நிக்கக் கூடாதுங்கறதெல்லாம் பொது ரோட்டுக்குத்தானாம். இது ப்ரைவேட் ப்ராப்பர்ட்டி. சட்டத்த முழுசாப் படிச்சுட்டாரு. நீங்க கேட்டா நம்பர் சொல்லுவாரு. கேக்காதீங்க."

முதலில் பழையது. சபீனா ஓட்டினாள். திண்டுக்கல்லில் என் அம்பாசிடரில் கற்றவள், கிளட்ச் அவளுக்குப் பழக்கம். மெல்ல எடுத்தாள். வண்டி புறப்பட்டதே தெரியவில்லை. ஆடுகள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அசைபோட்டன. இறக்கத்தில் பிரேக் போட்டாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. டிரெய்லர் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளியது. அடுத்த நொடி யாரோ கழுத்தைப் பிடித்து இழுத்ததுபோல் டிரெய்லர் நின்றது. மூன்று ஆடுகள் முட்டிபோட்டு விழுந்தன. நான் பக்கக் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். மெஹர் "அல்லா!" என்று கத்தியது கேட்டது.

அடுத்து புதியது. மாப்பிள்ளை ஓட்டினார். புறப்படும்போதே ஒரு தூக்கு தூக்கியது; அவ்வளவு சக்தி, காலை வைத்ததும் பாய்கிறது. ஓர் ஆடு என்மேல் சாய்ந்தது. ஆனால் இறக்கத்தில் நின்ற விதத்தைச் சொல்ல வேண்டும். ஊஞ்சல் தானாக ஓய்வதுபோல் நின்றது. ஓர் ஆடுகூட காலை மாற்றி வைக்கவில்லை.

இறங்கி, சட்டையிலிருந்து புழுக்கையைத் தட்டிவிட்டு, தீர்ப்பைச் சொன்னேன். "புறப்படுவதில் பழையது. நிற்பதில் புதியது. விழுவதெல்லாம் நிற்கும்போதுதான். ஆகவே புதியது பாஸ், பழையது பெயில்."

"பாத்தியா சபீ" என்றார் மாப்பிள்ளை. ஆனால் அவர் முகத்தில் வெற்றி பெற்ற களை இல்லை. சபீனா ஆடுகளை இறக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றின் காலையும் தடவிப் பார்த்தாள். அவள் முதுகை மட்டும்தான் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பொய் சொல்லி பாஸ் போட்டிருக்கலாம். என்னால் முடியாது. என் மகள் என்பதற்காக வண்டி நிற்காது.

6

ஆனால் பெயிலான வண்டியை நாம் அப்படியே விட்டுவிடுவதில்லையே. குறையை எழுதிக் கொடுப்போம், சரிசெய்து கொண்டுவா என்போம். மறு ஆய்வு என்று ஒன்று இருக்கிறது.

"இன்னொரு முறை ஓட்டு" என்றேன் சபீனாவிடம். "இந்த முறை மெதுவாக பிரேக் போடு. அடுத்த முறை வேகமாக."

"அத்தா, போதும். மறுபடி விழுவீங்க."

"விழுந்தால் எழுந்துகொள்வேன். நீ ஓட்டு."

இரண்டு முறையும் உள்ளே நின்றேன், ஆடு இல்லாமல் தனியாக. அப்போதுதான் பிடிபட்டது. அவள் மெல்ல மிதித்தாலும், ஓங்கி மிதித்தாலும், டிரெய்லர் ஒரே மாதிரிதான் பிடித்தது. முதலில் சும்மா இருந்து, பிறகு கவ்வியது. அப்படியானால் குற்றம் அவள் காலில் இல்லை, வண்டியின் பிரேக்கிலும் இல்லை.

டிரெய்லருக்குத் தனி பிரேக் உண்டு, மின்சாரத்தில் இயங்குவது. இழுக்கும் வண்டியில் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஒரு சிறு பெட்டிதான் அதற்கு எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்று தீர்மானிக்கிறது. ஆசிரியரின் வண்டியில் இருந்தது பழைய வகைப் பெட்டி. பிரேக் விளக்கு எரிந்ததும், கடிகாரம்போல், நேரம் ஆக ஆக மின்சாரத்தை ஏற்றிக்கொண்டே போகும். ஓட்டுகிறவன் எப்படி மிதிக்கிறான் என்பது அதற்குத் தெரியாது. வண்டியின் வேகம் எந்த அளவுக்குக் குறைகிறதோ அந்த அளவுக்கு மட்டும் அனுப்பும் வகை கடையில் கிடைக்கிறது. புது வண்டியில் கம்பெனியே வைத்திருப்பதும் அந்த வேலையைத்தான் செய்கிறது. இத்தனை நேரமும் நான் இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். ஒப்பிட்டது இரண்டு பெட்டிகளை.

அன்று மாலையே டிரெய்லர் கடையிலிருந்து அந்தப் பெட்டி வந்துவிட்டது. விலை, புது வண்டியின் ஒரு டயரைவிடக் குறைவு. மறுநாள் பொருத்தி, ஆடுகளை ஏற்றி, நானும் ஏறினேன். இறக்கத்தில் சபீனா பிரேக் போட்டபோது கம்பியிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டேன். நின்றேன். ஆடுகளும் நின்றன. அவற்றில் ஒன்று என் சட்டைப் பையைத் தின்றுகொண்டிருந்தது.

பழையதையே வாங்கினோம். திங்கட்கிழமை அதைப் பதிவுசெய்யப் போனேன். இங்கே அதை வரி வசூல் அலுவலகத்தில்தான் செய்கிறார்கள், ஏன் என்று கேட்கக் கூடாது. எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்து, வரிசைப்படி டேக் போட்டுக் கட்டி, கோப்பாக நீட்டினேன். அந்த அம்மாள் இரண்டு தாளை மட்டும் உருவிக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். "நீங்கள் ரொம்ப ஒழுங்கு" என்றார். திட்டினாரா, பாராட்டினாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

7

பெருநாளுக்கு முந்தைய வாரம் சந்தைக்குப் போனோம். சபீனா ஓட்ட, பக்கத்தில் நான். மாப்பிள்ளை காரில் பின்னால் வந்தார். அறுபது ஆடும் நானும் அவளும் பார்த்துப் பிடித்தவை. ஒவ்வொன்றையும் போகவிட்டு, வரவிட்டு.

மலை இறக்கத்தில் அவள் கீழ் கியரில் இறங்கினாள். இன்ஜின் அலறியது. வாயை மூடிக்கொண்டிருப்பதென்று நான் முடிவுசெய்திருந்தேன், அதைக் கடைப்பிடித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான காரியங்களில் அது ஒன்று.

இறக்கமெல்லாம் முடிந்து, ஹூஸ்டன் நெருங்கி, ஃப்ரீவே விரிந்த பிறகுதான் அது நடந்தது. ஒரு சிவப்பு கார், வெளியேறும் வழியைத் தவறவிடக் கூடாதென்று, எங்கள் மூக்குக்கு நேரே குறுக்கே பாய்ந்தது. சபீனா முழுக்க மிதித்தாள். பின்னால் குளம்புகள் தடதடவென்று ஓடும் சத்தம். பிறகு அமைதி.

"அத்தா, விழுந்துருச்சா?"

"தெரியாது. ஓட்டு."

பண்ணை வரை நான் பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். கண்ணாடியில் டிரெய்லரின் மூடிய பக்கம் மட்டும்தான் தெரிந்தது. அவளுடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, துஆ ஓதிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

கதவைத் திறந்தோம். ஓர் ஓரத்தில் சபீனா, மறு ஓரத்தில் நான். மாப்பிள்ளை கீழே நின்று எண்ணினார். ஒவ்வோர் ஆடாகப் பலகையில் இறங்கியது. கொம்பு, காது, கால். கொம்பு, காது, கால். மெஹர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "பாஸா? பாஸா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் இறங்கிய ஒரு பழுப்புத் தலை ஆடு முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தது.

"பெயில்" என்றேன்.

சபீனா அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை அந்தக் காலைத் தூக்கிப் பார்த்தார். குளம்புக்கு நடுவில் கருவேல முள் மாதிரி ஒன்று, ஆழமாக. சந்தைத் தொழுவத்தில் ஏறியது. அவரே பிடுங்கினார்.

"வண்டியால இல்ல சபீ" என்றார். "முள்ளு. ஒரே ஒரு முள்ளு."

அந்த வாரமே எல்லோரும் வந்து ஆட்டைப் பார்த்து எடுத்துப் போனார்கள். பள்ளிவாசலில் குறை கண்டுபிடிப்பதற்கென்றே இருக்கும் காஜா அங்கிள்கூட தன் ஆட்டைப் போகவிட்டு, வரவிட்டு, பல்லைப் பார்த்து, வேறு வழியில்லாமல் சரி என்றார். பழுப்புத் தலைக்குப் பதிலாக எங்கள் வீட்டுக்கென்று பண்ணையில் வைத்திருந்த ஆட்டைக் கொடுத்தோம். எங்கள் குர்பானியைத் திண்டுக்கல்லில் தம்பி கொடுத்தான். ஆடு மேய்ப்பதைப் பற்றி அவன் இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை சன்னிவேலுக்குப் போன் செய்து, ஒரு வருடம் கழித்துச் சொல்கிறேன் என்றார். அவர்கள் காத்திருப்பார்களா என்று யாரும் கேட்கவில்லை.

8

இப்போது ஒரு வருடக் கணக்கு. பழைய வண்டிக்கு இதுவரை ஒரு தண்ணீர் பம்பு, ஒரு பெல்ட், இரண்டு பேட்டரி. முதல் இரண்டையும் நானே மாற்றினேன். பக்கத்துப் பண்ணைக்காரரின் புது வண்டி இரண்டு முறை கரி டப்பா அடைத்து டீலரிடம் போய்வந்தது. ஆனால் அவர் தன் குதிரைகளை ஏற்றிக்கொண்டு கொலராடோ வரை போகிறார், இடுப்பு வலி இல்லாமல் திரும்பி வருகிறார். ஆகவே கேட்கும் சகாக்களுக்கு என் பதில்: தினமும் நெடுந்தூரம் இழுப்பவர் புதியதை வாங்குங்கள், அது உங்களுக்காகச் செய்தது. மாதம் இரண்டு முறை இழுத்து, மீதி நாளில் தீவனக் கடைக்குப் போகிறவர் நல்ல பழையதாகப் பார்த்து வாங்கி, மிச்சப் பணத்தில் பிரேக்கைக் கவனியுங்கள். எதை வாங்கினாலும் ஒரு முறை டிரெய்லருக்குள் நின்று பாருங்கள். பொது ரோட்டில் வேண்டாம்.

இந்த வருடம் கேட்டிருப்பவர்கள் இரண்டு மடங்கு. இரண்டு நடை போக வேண்டும். பழுப்புத் தலை கொழுத்துப்போய்க் கொட்டகையில் அதிகாரம் செய்கிறது. இப்போது எல்லாத் தகுதியும் அதற்கு உண்டு, நொண்டவில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஹஃப்ஸா உத்தரவு. இந்த உத்தரவை மட்டும் அவள் தமிழில் போட்டாள்: "நன்னா, அத தொடாதீங்க."

நேற்று ஸ்டிக்கர் ஒட்டிவந்த பிறகும் எனக்கு ஒரு சோதனை பாக்கி இருந்தது. அரசாங்கம் கேட்காத சோதனை. ஆடுகளை ஏற்றச் சொல்லிவிட்டு, பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன். டிரெய்லருக்குள் ஏற்கெனவே ஆள் நின்றது. மாப்பிள்ளை. ஆபீஸிலிருந்து வந்த சட்டையைக்கூட மாற்றவில்லை. இரண்டு ஆடுகள் அதை ஆராய்ந்துகொண்டிருந்தன.

"இந்த வருஷம் நான் நிக்கிறேன் மாமா. நீங்க ஓட்டுங்க" என்றார். "வருஷா வருஷம் செய்யற வேலைதானே, நானும் பழகிக்கணும்ல?"

வருஷா வருஷம். சபீனா வேலிப்பக்கம் நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும், தீவன வாளியைக் கீழே வைத்துவிட்டாள். நான் ஓட்டுநர் பக்கம் போனேன். ஏறி உட்கார்ந்து, கியர் போட்டு, இறக்கத்தின் நடுவில் பிரேக்கை மிதித்தேன். மாப்பிள்ளை என்பதற்காகச் சலுகை காட்டவில்லை, நன்றாகவே மிதித்தேன்.

பின்னாலிருந்து சத்தம் வந்தது. "நிக்கிறேன் மாமா!"

திருப்பிக்கொண்டு வந்து, இன்னொரு முறை மிதித்தேன்.

"இன்னும் நிக்கிறேன்!"

பாஸ்.